எழுதப் போவது யார்?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். எங்கள் செயலாளர் அக்காவும் அப்படித்தான் எதிர்பார்த்தார். நான் ஒரு பேனைக் கடையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி பிள்ளை, இருபது நிமிடத்துக்குள்ளை முடிப்பீர்தானே?" என்று மட்டும் கேட்டார். முடிப்பேன். கேட்டு முடித்ததும் இது வைத்தியம் பற்றிய பேச்சா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்களுக்குத் தமிழ் கற்பித்த ரீச்சரை இங்கு இருப்பவர்களில் பாதிப் பேருக்காவது தெரியும். பெயரைச் சொல்லக்கூடாது என்பது அவருடைய கட்டளை. அவருடைய கட்டளையை மீறும் துணிவு நாற்பத்தைந்து வயதிலும் எனக்கு வரவில்லை. இன்று அவர் வரவில்லை. வீட்டில் இருக்கிறார், நலமாக இருக்கிறார். பெயர் சொல்லாமலே அவரை நீங்கள் அடையாளம் காண ஒரு வழி உண்டு. பாடசாலையை விட்டுப் போன பிறகு அவருக்குக் கடிதம் எழுதிய எந்த மாணவிக்கும் பதில் வராமல் இருந்ததில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பரிசிலும் சிட்னியிலும் அலுமாரிக்குள் அந்தக் கடிதங்களை வைத்திருப்பவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். நீலமை. சாய்வில்லாத நிமிர்ந்த எழுத்து. ழகரத்தின் வால் மட்டும் ஒரு சுழி கூடுதலாகக் கீழே இறங்கி நிற்கும். நாங்கள் விட்ட சந்திப் பிழையைத் தன் பதிலில் திருத்தி எழுதியிருப்பார். பிழை என்று ஒரு சொல்லும் சொல்லியிருக்கமாட்டார்.

அந்தப் பதில்கள் சில வருடங்களுக்கு முன்னர் நின்றுபோயின. "ரீச்சருக்கு என்ன, சுகமில்லையா? எங்களை மறந்துவிட்டாவா?" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். ஊரில் இருக்கும் வைத்தியர் என்பதால் எல்லாக் கேள்வியும் என்னிடந்தான் வரும். ஒரு நாள் போய்ப் பார்த்தேன். ஒரு பிஸ்கற் ரின்னை எடுத்துத் திறந்து காட்டினார். பதில் எழுதப்படாத கடிதங்கள். எண்ணிப் பார்த்தோம், நாற்பத்தொன்று இருந்தன. "மறக்கேல்லைப் பிள்ளை. கை சொல்வழி கேட்குதில்லை" என்றார்.

கை ஏன் சொல்வழி கேட்பதில்லை என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெருவிரலின் அடியில், மணிக்கட்டுக்கு அண்மையில், ஒரு சின்ன மூட்டு இருக்கிறது. குதிரைச் சேணத்தைப் போன்ற வடிவம். மற்ற விரல்களைப் போல மடங்கி நிமிர்வதோடு நில்லாமல், பெருவிரல் ஏனைய நான்கு விரல்களையும் எதிர்கொண்டு தொடுவதற்கு அந்த மூட்டுத்தான் காரணம். ஊசியில் நூல் கோர்ப்பதும் பேனை பிடிப்பதும் அதன் புண்ணியம். வயது போகப்போக, குறிப்பாகப் பெண்களுக்கு, அந்த மூட்டின் கசியிழையம் தேய்ந்துபோகும். விரல் நுனியில் ஒரு கிலோ அளவுக்குக் கிள்ளிப் பிடித்தால், அடிமூட்டில் அதைப் போலப் பன்னிரண்டு மடங்கு வரை அழுத்தம் விழும் என்று கையின் விசைகளை அளந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மெல்லிய பிளாஸ்ரிக் குமிழ்முனைப் பேனையை இறுக்கிப் பிடித்து, தாளில் அழுத்தி, அரை மணித்தியாலம் எழுதினால் அந்த மூட்டுக்கு என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

குமிழ்முனைப் பேனையின் இயல்பே அழுத்தி எழுதுவதுதான். அதன் மை தடித்தது, பசை போன்றது. முனையில் இருக்கும் சின்னக் குண்டு உருண்டால்தான் மை தாளுக்கு வரும். குண்டு உருள அழுத்தம் வேண்டும். ஊற்றுப்பேனை அப்படியல்ல. முள்ளின் நடுவில் ஒரு நுண்ணிய பிளவு இருக்கிறது. அதன் வழியே நீர்த்த மை தானாகவே இறங்கி வந்து நிற்கிறது. நாங்கள் விஞ்ஞானப் பாடத்தில் படித்த மயிர்த்துளைத்தன்மைதான் இது. முள் தாளைத் தொட்டாலே போதும், பேனையின் சொந்தப் பாரமே எழுதிவிடும். பிடி தடிப்பாக இருந்தால் விரல்கள் அவ்வளவு இறுகத் தேவையில்லை. மூட்டுவாதம் உள்ளவர்களுக்குக் கரண்டியின் பிடியையும் கத்தியின் பிடியையும் தடிப்பாக்கிக் கொடுங்கள் என்று தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் சொல்வதும் இதனால்தான்.

ஆகவே ரீச்சருக்குத் தேவையாக இருந்தது குளிசை மட்டுமல்ல. தடித்த, பாரம் குறைந்த, அழுத்தாமல் எழுதும் ஒரு பேனையும் தேவையாக இருந்தது.

அவருக்கு ஊற்றுப்பேனை புதிதல்ல. முன்வரிசைப் பிள்ளைகளுக்காக ஒரு பழைய கதை சொல்கிறேன். 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் யுத்தம் திரும்பத் தொடங்கிய பிறகு, யாழ்ப்பாணத்தில் பல வருடங்கள் மின்சாரம் இருக்கவில்லை. பொருளாதாரத் தடை இருந்தது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சை வைத்து, துளித்துளியாக மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில்தான் நாங்கள் படித்தோம். குமிழ்முனைப் பேனை முடிந்தால் மற்றது எப்போது கிடைக்கும் என்று தெரியாது. அந்தக் காலத்தில் ரீச்சரிடம் ஒரு சீனத்து ஹீரோ பேனை இருந்தது. மைத்தூளை ஒரு மருந்துப் போத்தலில் கரைத்து வைத்திருப்பார். பேனை முடிந்துபோன பிள்ளைகள் அவருடைய மேசைக்குப் போனால் மை உண்டு. வீட்டிலே அப்பாவின் பழைய ஊற்றுப்பேனையைத் தேடி எடுத்து வந்தவர்கள் பலர். அவற்றைக் கழற்றவும் கழுவவும் முள்ளை நேராக்கவும் எங்களுக்குக் காட்டித் தந்தவர் அவர். உறுப்பெழுத்துக் கொப்பியில் எங்கள் எழுத்தைப் பார்ப்பதற்கு முன் எங்கள் விரல்களைப் பார்ப்பார். "இறுக்கிப் பிடிக்காதை, பேனை ஓடிப்போகாது" என்பார்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு மழையில் வலிகாமமே எழும்பி நடந்தது. அந்த வருடம் நாங்கள் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தோம். நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது பலரிடம் புத்தகம் இல்லை, கொப்பி இல்லை. ரீச்சரும் இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் இருந்தார். அவர் பாடநூலை நினைவிலிருந்து எழுதினார். இலக்கணக் குறிப்புகள், இலக்கியச் சுருக்கங்கள், மாதிரி வினாக்கள் எல்லாம் கையால் எழுதிக் கொடுத்தார். ஒரு பிள்ளை வாங்கிப் பார்த்தெழுதி அடுத்தவளிடம் கொடுக்க வேண்டும். மாமரத்தின் கீழ் இருந்து நாங்கள் அவருடைய எழுத்தைப் பார்த்து எழுதினோம். எங்கள் வகுப்பில் பலருடைய கையெழுத்து ஒன்றையொன்று ஒத்திருப்பதற்குக் காரணம் அதுதான். நான் மருந்துச்சீட்டு எழுதும்போது மருந்தாளர் ஒருவர் ஒரு முறை, "டொக்ரர், உங்கடை எழுத்து வாசிக்கக்கூடியதாய் இருக்கு, நீங்கள் உண்மையிலேயே டொக்ரர்தானோ?" என்று கேட்டார். அந்தப் பாராட்டு என்னுடையதல்ல.

அந்தக் கைதான் இப்போது சொல்வழி கேட்கவில்லை.

சென்ற வருடம் ஒரு மருத்துவ மாநாட்டுக்காகச் சென்னைக்குப் போகக் கிடைத்தது. பலாலியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சென்னையில் இறங்கிவிடலாம். கொழும்புக்குப் பஸ்ஸில் போகும் நேரத்தில் மூன்று தரம் போய் வரலாம். மாநாடு முடிந்த மறுநாள் பாரிமுனைக்குப் போனேன். உயர் நீதிமன்றத்துக்கு அண்மையில், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையில், ஜெம் அண்ட் கம்பெனி என்ற பேனாக் கடை இருக்கிறது. 1920களில் தொடங்கிய கடை. எங்கள் சங்கமும் அந்தக் கடையும் ஏறத்தாழ ஒரே வயது. கையால் கடைந்த எபோனைற் பேனாக்களைக் 'காமா' என்ற பெயரில் விற்கிறார்கள். அங்கே பேனா என்றுதான் சொல்ல வேண்டும். நான் "பேனை" என்றதுமே, "எந்த ஊரும்மா நீங்க?" என்று கேட்டுவிட்டார்கள்.

யாழ்ப்பாணம் என்றேன். தடித்த ஊற்றுப்பேனை ஒன்று வேண்டும் என்றேன். என்ன விலையில் வேண்டும், என்ன நிறம் என்று கேட்பார்கள் என நினைத்தேன். கடையில் நின்ற பெரியவர் கேட்ட முதற்கேள்வி வேறு.

"எழுதப் போறது யாருங்க?"

என் ஆசிரியை என்றேன். வயது கேட்டார். வலது கையா, இடது கையா என்று கேட்டார். கையில் என்ன கஷ்டம் என்று கேட்டார். தமிழ் எழுதுவாரா, ஆங்கிலமா என்றும் கேட்டார். "அவங்க எழுத்து ஏதாச்சும் இருக்குதா?" என்றார். என் கைப்பையில் ரீச்சர் எனக்கு எழுதிய பழைய கடிதம் ஒன்று இருந்தது. அதை வாங்கி, வாசிக்காமல், வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். எழுத்து எவ்வளவு ஆழமாகத் தாளில் பதிந்திருக்கிறது, கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று பார்க்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. "அழுத்தாம எழுதுற கை. இவங்களுக்குச் சுலபமா அமைஞ்சிரும்" என்றார்.

நானும் ஒரு நாளைக்கு எத்தனையோ நோயாளிகளைப் பார்க்கிறேன். அந்தப் பெரியவர் ஐந்து நிமிடத்தில் எடுத்தது ஒரு முழுமையான நோயாளர் வரலாறு. வயது, தொழில், பழக்கம், கைப்பக்கம், நோவு, முன்னைய சான்று. எங்கள் மருத்துவ மாணவர்களுக்கு இதைத்தான் முதல் வருடத்திலிருந்து சொல்லிக் கொடுக்கிறோம்.

கண்ணாடிப் பெட்டியிலிருந்து நாலைந்து பேனைகளை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றையும் மையில் தோய்த்து, ஒரு தாளில் என்னை எழுதச் சொன்னார். நான் என் பெயரை எழுதினேன். "பேர் எழுதாதீங்கம்மா. பேர் எல்லாருக்கும் பழகிப்போன எழுத்து. ழ எழுதுங்க, ண எழுதுங்க, ஞ எழுதுங்க" என்றார். தமிழ் எழுத்துக்குச் சுழி அதிகம். முள் எல்லாப் பக்கத்துக்கும் திரும்ப வேண்டும். மேல்நோக்கிப் போகும்போது தாளைக் கீறும் முள் தமிழுக்கு ஆகாது. பனையோலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில் ஓலை கிழியக்கூடாது என்பதற்காக எங்கள் முன்னோர் கையைப் பழக்கினார்கள். இங்கே கைக்காக முள்ளைப் பழக்குகிறார்கள். ஒரு முள்ளை எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, மிக மெல்லிய உரைதாளில் இரண்டு மூன்று சுழி சுழித்து, திரும்பவும் எழுதச் சொன்னார். கீறல் போய்விட்டது.

நான் தேர்ந்தெடுத்தது கறுப்பு எபோனைற்றில் செய்த தடித்த பேனை. எபோனைற் என்பது இறப்பர்தான். இறப்பருடன் நிறையக் கந்தகம் சேர்த்து நீண்ட நேரம் சூடாக்கினால் அது மரம்போல இறுகிவிடும். அமெரிக்காவில் சாள்ஸ் குட்இயர் இறப்பரைப் பதப்படுத்தும் முறைக்கு 1844இல் காப்புரிமை பெற்றார். அவருடைய தம்பி நெல்சன் குட்இயர் 1851இல் இந்த வன்இறப்பருக்குக் காப்புரிமை பெற்றார். பார்ப்பதற்குக் கருங்காலி போல இருப்பதால் கருங்காலியின் ஆங்கிலப் பெயரிலிருந்தே இதற்கும் பெயர் வந்தது. எங்கள் தொழிலுக்கும் இது பழக்கப்பட்ட பொருள்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நெடுங்காலம் செயற்கைப் பல் கட்டுவதற்கு இதைத்தான் முரசுத் தளமாகப் பயன்படுத்தினார்கள். மை இதை அரிக்காது. உலோகத்தைப் போலக் குளிராது. கையில் எடுத்ததும் கையின் சூட்டோடு சேர்ந்துவிடும். உலோகத்தை விடப் பாரம் குறைவு. மூட்டு நோ உள்ளவருக்கு இதைவிடப் பொருத்தமான பொருளைத் தேடிப் பிடிக்க முடியாது.

இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கும் ஆசை வந்துவிட்டது. மறுநாள் புறநகர்ப் புகையிரதத்தில் மேற்கே திருவள்ளூருக்குப் போனேன். ரங்கா என்ற பெயரில் உலகமெங்கும் போகும் ஊற்றுப்பேனைகள் அந்த ஊரில்தான் கையால் கடையப்படுகின்றன. மூங்கில் கணுவைப் போலக் கடைந்த ஒரு மாதிரியும் அவற்றில் உண்டு. எபோனைற் ஒரு நீளக் கோலாக வருகிறது. அதை வெட்டி, கடைசல் இயந்திரத்தில் பூட்டி, நடுவில் துளைக்கிறார்கள். அந்தத் துளைதான் மை நிற்கும் இடம். பிறகு உளியைச் சாய்த்துப் பிடித்து வெளிப்புறத்தைக் கடைகிறார்கள். கறுப்புச் சுருள் சுருளாக இறப்பர் உரிந்து விழும். கந்தக வாசம் வரும். மூடிக்கும் உடலுக்கும் புரிவெட்டுவதுதான் கடினம். புரி ஒரு இழை பிசகினால் மை கசியும். கடைசியில் பளபளப்பாக மினுக்குவதும் உண்டு, கைக்கு வழுக்காதபடி சொரசொரப்பாக விடுவதும் உண்டு. மினுக்காத பிடியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தேன். ரீச்சருக்கு இதுதான் என்று உடனே தெரிந்தது. ஆகவே இரண்டாவது பேனை ஒன்றும் வாங்கினேன். இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்த காசு ஒரு சுமாரான பட்டுச்சேலையின் விலைகூட இல்லை.

இந்தத் தொழில் தென்னிந்தியாவில் வேரூன்றியதற்குப் பின்னால் எங்கள் மண்ணையும் தொட்ட ஒரு வரலாறு உண்டு. காந்தியடிகள் 1927 நவம்பரில் கதர் நிதி சேர்க்க யாழ்ப்பாணம் வந்தார். இங்குள்ள பெண்கள் பாடசாலைகளிலும் பேசினார். உங்கள் அம்மம்மாமார் சிலர் அவரைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். உள்நாட்டுக் கைத்தொழில் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருந்ததைப் பேனைத் தொழிலில் செய்து காட்டியவர் ராஜமுந்திரியைச் சேர்ந்த கே. வி. ரத்னம். உள்நாட்டிலேயே செய்த ஊற்றுப்பேனை ஒன்றை அவர் காந்திக்கு அனுப்பினார். அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் தஞ்சாவூரில் பிறந்த தமிழரும் அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் தூணுமான ஜே. சி. குமரப்பா. 1935 ஜூலையில் காந்தி நன்றிக் கடிதம் எழுதினார். எழுதிப் பார்த்தேன், வெளிநாட்டுப் பேனைகளுக்கு நல்ல மாற்றாக இருக்கிறது என்பதே அதன் சாரம். கிடைத்த பேனையால் எழுதிப் பார்த்துவிட்டு நன்றி சொல்வது எவ்வளவு பொருத்தம்!

பின்னர் குமிழ்முனைப் பேனை வந்தது. ஹங்கேரியில் பிறந்த பத்திரிகையாளர் லாஸ்லோ பிரோ 1938இல் அதற்குக் காப்புரிமை எடுத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது உலகமெங்கும் பரவியது. மலிவு, கசியாது, சட்டைப்பையைக் கறையாக்காது. நானும் வைத்தியசாலையில் அதைத்தான் வைத்திருக்கிறேன். இரவுக் கடமையில் மை நிரப்பிக்கொண்டு நிற்க முடியாது. குறை சொல்ல வரவில்லை. ஆனால் அது யாருக்காகவும் செய்யப்பட்டதல்ல. முடிந்தால் எறிகிறோம். கடைந்த பேனையைத் திருத்தலாம். முள்ளை மாற்றலாம், நாக்கை மாற்றலாம், புரி தேய்ந்தால் திரும்பக் கடையலாம். கடை நூறு வருடம் நிற்பதற்கு விற்பனை மட்டும் காரணமல்ல. விற்றதைத் திருத்திக் கொடுக்க ஒருவர் அங்கே இருந்துகொண்டே இருக்கிறார்.

புறப்படும்போது பெரியவர் சொன்ன அறிவுரைகளை ரீச்சருக்காகக் குறித்துக்கொண்டேன். ஊற்றுப்பேனை வைத்திருப்பவர்களுக்காக இங்கும் சொல்கிறேன். விமானத்தில் போகும்போது மை இல்லாமல் கொண்டு போகவேண்டும். மேலே காற்றழுத்தம் குறைய, பாதி நிரம்பிய பேனைக்குள் இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். இதே காரணத்தால், மை அரைவாசிக்குக் கீழே இறங்கியதும் நிரப்பிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கையின் சூட்டிலேயே ஒரு துளி தாளில் விழும். சித்திரம் வரையும் கறுப்பு மையை ஊற்றவே கூடாது, அது உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ளும். மாதத்துக்கு ஒரு தரம் பச்சைத் தண்ணீரில் கழுவவேண்டும். சுடுதண்ணீரும் வெயிலும் எபோனைற்றுக்கு ஆகாது, கறுப்பு மங்கிப் பழுப்பாகிவிடும்.

ஊருக்கு வந்து இரண்டு பேனைகளையும் ரீச்சரின் மேசையில் வைத்தேன். எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொன்னால் நீங்கள் கைதட்டுவீர்கள். ஆனால் நான் வைத்தியர், உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். தேய்ந்த மூட்டு தேய்ந்ததுதான். பேனை அதைத் திரும்ப வளர்க்காது. முதல் நாள் மூன்று வரி எழுதிவிட்டு வைத்துவிட்டார். "என்ரை எழுத்து மாதிரி இல்லைப் பிள்ளை" என்றார். உண்மை. எழுத்து பெரிதாகியிருந்தது, நிமிர்ந்து நின்ற எழுத்து சற்றுச் சரிந்திருந்தது. பெருவிரலுக்கு ஒரு சிறு கட்டுப்பட்டை செய்வித்துக் கொடுத்தோம். எழுதுவதற்கு முன் கையை இளஞ்சூட்டு நீரில் வைக்கச் சொன்னேன். பத்து வரி எழுதியதும் நிறுத்த வேண்டும் என்று மணிக்கூடு வைத்துச் சொன்னேன். தன்னுடைய மாணவி தனக்கு நேரசூசி போடுகிறாள் என்று முறைத்துப் பார்த்தார், ஆனால் கேட்டார். மினுக்காத பிடியுள்ள திருவள்ளூர்ப் பேனை காலையில். பாரிமுனையில் முள் தீட்டிய பேனை பின்னேரத்தில், கை சற்றுத் தளர்ந்த பிறகு.

முதற்கடிதம் எங்கள் யாருக்கும் எழுதப்படவில்லை. முள்ளைத் தீட்டிக் கொடுத்த அந்தப் பெரியவருக்கு எழுதினார். பேனை கிடைத்தது, எழுதுகிறது, நன்றி, அவ்வளவுதான். காந்தி கதையை நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. பரிசு கிடைத்தால் கொடுத்தவருக்கும் செய்தவருக்கும் நன்றி எழுதவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர் அவர். தானும் அப்படியே செய்தார்.

பிறகு பிஸ்கற் ரின்னைத் திறந்தார். மிகப் பழைய கடிதத்திலிருந்து தொடங்கினார். அது ரொறன்ரோவில் இருக்கும் ஒரு மாணவி, தன் தாயார் இறந்ததை எழுதிய கடிதம். இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பதில் இல்லாமல் இருந்தது. "இவ்வளவு காலம் பிந்தி இனி என்னத்தை எழுதுறது?" என்று கேட்டார். அவருக்கே பதில் தெரியும். நான் பேசாமல் இருந்தேன். இரண்டு நாளாகப் பத்துப் பத்து வரியாக எழுதி முடித்தார். அந்த மாணவி இன்று இங்கு வந்திருக்கிறார். யாரென்று நான் சொல்லமாட்டேன். தேநீர் வேளையில் தன் கைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து எனக்குக் காட்டினார். ழகரத்தின் வால் இன்னும் ஒரு சுழி கீழே இறங்கித்தான் நிற்கிறது.

நாற்பத்தொன்றில் இதுவரை பதினேழு முடிந்திருக்கின்றன. ஆகவே வெளிநாட்டில் இருக்கும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்களுக்குக் கடிதம் வந்தால் எழுத்து பெரிதாக இருக்கும், வரிகள் குறைவாக இருக்கும். சுருக்கமாக எழுதிவிட்டாவே என்று நினைக்காதீர்கள். அந்தப் பத்து வரி ஒரு முழுக் காலைப்பொழுது. இன்னும் வராதவர்கள் பொறுத்திருங்கள், வரிசையில் இருக்கிறீர்கள். கைத்தொலைபேசியில் குரற்பதிவு அனுப்பினால் என்ன என்று சிலர் கேட்டீர்கள். தாராளமாக அனுப்புங்கள், ஆசையாகக் கேட்பார். ஆனால் இரவில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்ப எடுத்து வாசிப்பது உங்கள் கடிதங்களைத்தான். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

நூற்றாண்டுக் குழுவுக்கும் ஒரு சிறு ஆலோசனை. பரிசளிப்பு விழாவில் பிளாஸ்ரிக் கேடயங்களும் முலாம் பூசிய கிண்ணங்களும் கொடுக்கிறோம். என் வீட்டில் அப்படி ஒன்பது இருக்கின்றன, எதற்குக் கிடைத்தவை என்று எனக்கே நினைவில்லை. அதற்குப் பதிலாக, வருடத்துக்கு ஒரு பிள்ளைக்காவது, அவளுடைய கையைப் பார்த்து, அவளுடைய எழுத்தைப் பார்த்து, கையால் கடைந்த ஒரு பேனை கொடுப்போமா? வாங்கிக்கொண்டு வரும் பொறுப்பை நான் எடுக்கிறேன். ஆனால் கடைக்குப் போனால் "எழுதப் போறது யாருங்க?" என்று கேட்பார்கள். அந்தப் பிள்ளையைப் பற்றிப் பதில் சொல்லக்கூடிய ஆசிரியர் ஒருவர் எனக்கு வேண்டும். அப்படிப்பட்ட ஆசிரியர்கள் இந்தப் பாடசாலையில் எந்தக் காலத்திலும் இல்லாமல் போனதில்லை என்பதற்கு இந்த மண்டபத்தில் இருக்கும் நாங்கள் எல்லோரும் சாட்சி.

செயலாளர் அக்கா மணிக்கூட்டைப் பார்க்கிறார். இருபது நிமிடம் முடிய இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் கைப்பையைத் திறந்து பேனை இருக்கிறதா என்று பாருங்கள். வாசலில் ஒரு மேசையில் தாளும் உறையும் வைத்திருக்கிறோம். வீட்டுக்குப் போவதற்கு முன் ரீச்சருக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள். இன்று பின்னேரம் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். சந்திப் பிழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பதில் வரும்போது அது திருத்தப்பட்டிருக்கும்.